கீர்த்தனையா, பேண்டா? சபைப் பாட்டைப் பற்றி ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: "எங்கள் சபையில் இரண்டு கட்சி. பெரியவர்கள் கீர்த்தனையும் பாமாலையும் தவிர வேறு கூடாது என்கிறார்கள். வாலிபர்கள் கிட்டார், டிரம்ஸ், திரையில் பாட்டு வரி என்று நிற்கிறார்கள். ஆராதனைக்குப் பாட்டு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? முக்கியம் என்றால் எது கிறிஸ்தவ இசை?"

நாற்பது வருஷம் கொயரில் நின்றவன் என்பதால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டிலும் இல்லை. (வெளியாருக்காக: கீர்த்தனை நம் ராகத்தில் அமைந்த சபைப் பாட்டு; பாமாலை, அதாவது ஞானப்பாட்டு, மேனாட்டு மெட்டில் பாடுவது.) கிறிஸ்தவ இசை என்று தனியாக ஒன்று கிடையாது. ராகத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஆனால் சபைப் பாட்டு என்று ஒன்று உண்டு. அதற்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்று: கடைசி பெஞ்சில் இருப்பவருடைய வாய் திறக்கிறதா? இரண்டாயிரம் வருஷமாகச் சபைக்குள் பாட்டைப் பற்றி நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை சுற்றிச்சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன.

வேதாகமத்திலிருந்தே தொடங்குவோம். அதன் நடுவில் 150 பாடல்கள் இருக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் புத்தகத்தின் பெயரே 'சங்கீதம்'. தலைப்புகளைப் பாருங்கள்: 'இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட தாவீதின் சங்கீதம்'. எபிரேயச் சொல் பாடகர்களை நடத்துகிறவரைத்தான் குறிக்கிறது. நம் ஊர் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ராகம் இல்லாமல் அப்படி ஒருவரைக் கற்பனை செய்ய முடியவில்லை போலும்! எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு அது.

புதிய ஏற்பாட்டில் பாட்டைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் இடம் பார்த்து இருக்கிறது. கடைசி இராப்போஜனம் முடிந்ததும் இயேசுவும் சீஷர்களும் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் போகிறார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடுகிறார்கள்; மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொலோசெயருக்கு எழுதிய நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் சொல்வதுதான் முக்கியம்: சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்தி சொல்லுங்கள் என்கிறார். போதிப்பது பிரசங்கியார் வேலை என்று நாம் நினைத்திருக்கிறோம். பவுல் அந்த வேலையைப் பாட்டிடம், அதுவும் 'ஒருவருக்கொருவர்' என்று சொல்லி எல்லோரிடமும் கொடுத்துவிடுகிறார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவருடைய சாட்சியும் உண்டு. இன்றைய துருக்கியின் ஒரு பகுதியை ஆண்ட ரோம அதிகாரி பிளினி, 112 வாக்கில் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறிமாறிப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். விசாரித்துத் தண்டிக்க வந்தவருடைய கண்ணிலும் முதலில் பட்டது பாட்டுதான்.

பாட்டு போதிக்கும் என்றால் தப்பாகவும் போதிக்கும் அல்லவா? நாலாம் நூற்றாண்டில், குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று வாதிட்ட ஆரியுஸ், தன் கொள்கையைக் கப்பல்காரர்களும் வழிநடப்பவர்களும் பாடும்படி பாட்டாக்கி விட்டார் என்று அவருடைய பக்கத்து வரலாற்றாசிரியரே எழுதிவைத்திருக்கிறார். 386-இல் மிலான் நகரத்தில் இதற்குப் பதில் வந்தது. அரசனின் தாய் யுஸ்தினா ஆரியுஸின் கட்சிக்காக ஒரு தேவாலயத்தைக் கேட்டார். பேராயர் அம்புரோஸ் கொடுக்கவில்லை. ஜனங்கள் ஆலயத்துக்குள்ளேயே இராப்பகலாகக் காவல் இருந்தார்கள். அவர்கள் சோர்ந்து போகாதபடி அம்புரோஸ் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அடிக்கு எட்டு அசை, நாலு அடிக்கு ஒரு கண்ணி, எளிய நடை. ஒருமுறை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் வார்ப்பு அது. மேற்கத்திய சபையின் பாமாலை மரபே அந்த முற்றுகையில் பிறந்தது என்று சொல்லலாம்.

அந்த நாட்களில் மிலானில் இருந்த, பின்னாளில் சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டின், பாட்டைக் கேட்டு அழுததை எழுதுகிறார். அவரே பிற்பாடு, வார்த்தையைவிடப் பாடும் குரல் என்னை அதிகம் அசைத்தால் நான் பாவம் செய்தவனாகிறேன் என்று கவலையும் படுகிறார். 'பாடுகிறவன் இருமுறை ஜெபிக்கிறான்' என்று அகஸ்டின் சொன்னதாக எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் போடுகிறார்களே, அந்த வாக்கியம் அப்படியே அவர் எழுத்தில் எங்கும் இல்லை. அவருடைய கவலையைப் போட்டிருந்தால் இன்னும் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள லவோதிக்கேயாவில் கூடிய பேராயர்களின் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்கள் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக்கூடாது என்று விதித்தது. போகப்போக மேற்கே பாட்டு லத்தீனில், துறவிகளிடமும் பாடகர் குழுவிடமும் தங்கிவிட்டது. மிக உயர்ந்த இசை வளர்ந்தது. ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். 1524-இல் ஜெர்மனியில் எட்டே பாட்டுகள் கொண்ட ஒரு சிறு புத்தகம் வந்தது, அதில் நாலு, சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் எழுதியவை. எல்லோருக்கும் தெரிந்த மொழியில், எல்லோராலும் பாட முடிகிற மெட்டில். அவரைப் போலவே சீர்திருத்தம் பேசிய சுவிங்கிலியோ சூரிச்சில் நேர் எதிராகப் போனார். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த மனிதர், ஆராதனையில் பாட்டையே நிறுத்தினார்; 1527-இல் ஆர்கனையும் எடுத்துவிட்டார்கள். 1598 வரைக்கும் அந்த ஊர்ச் சபை பாடவில்லை. இசை தெரியாதவர்கள்தான் இசையைத் தடுப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதன் பலம் தெரிந்தவர்தான் அதிகம் பயப்படுகிறார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் ருசிக்கிறது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் லூத்தர் மரபில் வந்தவர். ஜனங்கள் தங்கள் மொழியில் பாட வேண்டும் என்பது அந்த மரபில் ஊறிய எண்ணம். ஆகவே ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். பின்னால் வந்த ஃபப்ரிசியுஸ் நூற்றுக்கணக்கில் மொழிபெயர்த்தார். நோக்கம் சரி, மொழியும் தமிழ்தான். ஆனால் மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. சிக்கல் அங்கேதான்.

ஜெர்மன் பாட்டில் அசைக்கு ஒரு ஸ்வரம், அழுத்தம் விழும் இடத்தில் தாளம். தமிழுக்கு உயிர் குறில் நெடிலில் இருக்கிறது. 'என் வழி' என்று எழுதிய இடத்தில் மெட்டு 'வ'வை நீட்டச் சொன்னால் 'என் வாழி' ஆகிவிடும். 'பசி'யை நீட்டினால் 'பாசி'. நமக்கு அடியின் தொடக்கத்தில் எதுகை மோனை வேண்டும். அவர்களுக்கு அடியின் முடிவில் இயைபு வேண்டும். இரண்டையும் காப்பாற்றப் போய் வாக்கியமே முறுக்கிக்கொள்ளும். சில பழைய ஞானப்பாட்டுகளைப் பொருள் பிரித்துப் படிக்க இன்றைக்கும் எனக்கு இரண்டு தடவை ஆகும். அதற்காகப் பாமாலையைக் கேலி செய்யமாட்டேன். முந்நூறு வருஷமாகப் பாடிப்பாடி அந்த மெட்டுகளில் பல நம்முடையவையே ஆகிவிட்டன. கல்லறைத் தோட்டத்தில் சில பாமாலைகள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒருவரையும் அடக்கம் செய்வதில்லை.

ஆனால் கதையைத் திருப்பியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு இவரைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் வேறு, கத்தோலிக்கர், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எழுதியவர், 1826-இல் பிறந்தவர். சாஸ்திரியார் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் (எங்கள் சபைகளில் போதகரை 'ஐயர்' என்போம்) தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்டு அவரிடம் படித்தவர். அதே சுவார்ட்ஸிடம் படித்தவர்தான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி.

சங்கீதமும் பரதமும் செழித்திருந்த தஞ்சாவூரில் சாஸ்திரியார் தெருவில் கேட்ட வடிவங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். 1800-இல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறவஞ்சியின் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இதன் துணிச்சல் புரியும். உலா வரும் தலைவன், அவனைக் கண்டு மயங்கும் தலைவி, குறி சொல்ல வரும் குறத்தி; கோயில் விழாக்களில் ஆடிய வடிவம் அது. சாஸ்திரியாரிடத்தில் தலைவன் கிறிஸ்து, மயங்கும் தலைவி தேவமோகினி, அதாவது சீயோன் குமாரத்தி. நோவாவின் பேழையை வைத்து 'ஞானத்தச்ச நாடகம்' செய்தார். கச்சேரி முடிவில் மங்களம் பாடுவதுபோல ஆராதனை முடிவில் மங்களம் பாடும் வழக்கத்துக்கும் அவர் பாட்டுகள்தான் துணை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பு சபைக்குள் வந்தது. பாட்டுக் கலையைப் பற்றிய விஷயமாக மட்டும் இதைப் பார்க்கக்கூடாது. ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. எட்டுக் கண்ணிகள் கொண்ட ஞானப்பாட்டைப் பாடப் புத்தகம் வேண்டும், அதைப் படிக்கத் தெரியவேண்டும். கீர்த்தனைக்கு உபதேசியார் ஒருவர் போதும். அவர் சரணத்தைப் பாடுவார், ஐம்பது பேரும் பல்லவியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறு சரணம் முடிவதற்குள் பல்லவி ஏழு தரம் வாயில் வந்திருக்கும். வீட்டுக்குப் போகும்போது பல்லவி கூடவே போகும். நாலு வாரத்தில் சரணமும் போகும். எழுத்துத் தெரியாத சபைக்குப் பல்லவிதான் புத்தகம்.

சாஸ்திரியார் கதையில் எல்லாம் சீராக இல்லை. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிகளோடு அவர் மோதினார். 1829 வாக்கில் அவர்கள்மேல் அவர் எழுதிவைத்த குற்றப்பட்டியலில், ஆலயத்திலிருந்து தமிழ்ப் பாட்டை விலக்கியது ஒன்று. அதே பட்டியலில், நற்கருணையில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் பந்தியில், சாதி வேற்றுமையை ஒழிக்கக் கட்டாயப்படுத்தியதும் இன்னொரு குற்றமாக இருக்கிறது. வேளாளராகிய அவருக்குத் தமிழ்ப் பாட்டைக் காப்பதும் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தைக் காப்பதும் ஒரே பண்பாட்டைக் காப்பதாகத் தெரிந்தது. முதலாவதில் அவர் சரி, இரண்டாவதில் தவறு. நூற்றாண்டு விழா மலர்களில் இரண்டாவதைப் போடுவதில்லை, போட வேண்டும். மிஷன் வேலை போனபின் சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார்.

சாஸ்திரியார் பாட்டைப் பொது ஆராதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். 1853-இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாட்டுகளே பெரும்பங்கு. ஒரு ஊர் மிஷன் வெளியே தள்ளியதை இன்னொரு ஊர் மிஷன் அச்சடித்தது. இன்றைக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் 'சங்கராபரணம், ஆதி தாளம்' என்று போட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை எத்தனை பேர் பார்க்கிறோம் என்பது வேறு கதை. 'லிரிக்' என்றே அதற்குப் பெயராகிவிட்டது; தமிழ் வடிவத்துக்கு ஆங்கிலப் பெயரும், மேனாட்டு மெட்டுக்குப் 'பாமாலை' என்ற அழகான தமிழ்ப் பெயரும் நிலைத்த வேடிக்கை நம்மிடம் மட்டும்தான் நடக்கும்.

சாஸ்திரியாருக்குப் பின் வந்ததில் ஒருவரை விட முடியாது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919), சித்த வைத்தியர், சபைக்காகக் கீர்த்தனைகள் செய்தவர். அந்தப் பாட்டுகளில் தொடங்கிய ஆராய்ச்சி சுருதிக் கணக்கில் போய் நின்று, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலாயிற்று. தன் செலவில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். தமிழிசை வரலாற்றில் பெரிய வேலை ஒன்றைச் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் என்பது நம் சபைகளிலேயே பலருக்குத் தெரியாது. கத்தோலிக்கர்களுக்கு வேறு பாதை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழி திறந்த பிறகே பூசையில் தமிழ் முழுமையாக வந்தது. ஆனால் பூசைக்கு வெளியே பாஸ்கா, வாசாப்பு என்ற சமய நாடகங்களில் தமிழ் நெடுங்காலமாகப் பாடிக்கொண்டுதான் இருந்தது. ஈழத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுல பிரசங்கத்தை, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒப்பாரி ராகத்தில் படிப்பதைக் கேட்டவர்கள், அழுகையும் ஜெபமும் எங்கே பிரிகின்றன என்று சொல்லமாட்டார்கள்.

இந்த இடத்தில் கீர்த்தனைக் கட்சிக்கு ஒரு கேள்வி. கர்நாடக ராகம் 'நம்முடைய' இசை என்கிறோமே, அந்த 'நம்மில்' யார் யார்? இதைக் கேட்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர். 'பரட்டை' என்ற பெயரில் பாட்டு எழுதியவர், 2005-இல் காலமானார். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். அவர்கள் களத்திலும் வயலிலும் பாடிய பாட்டு ஆலய வாசலோடு நின்றுவிட்டது. பறை சாவுக்கு அடிப்பது, தீட்டு என்று வெளியே வைக்கப்பட்டது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் திறந்த கதவு பறைக்குத் திறக்கவில்லை.

அப்பாவு ஐயர் ஆராதனை முறைமையையே கிராமிய இசையில் அமைத்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அப்பம் பிட்கிற சடங்கை 'ஒரு உலை' என்று நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தார்: எல்லார் அரிசியும் ஒரே பானையில் வெந்தால்தான் அது பந்தி. நாட்டுப்பாட்டை அவர் தேர்ந்ததற்கு நுட்பமான காரணம் ஒன்று உண்டு. கீர்த்தனையை மாற்றிப் பாடினால் தப்பு என்பார்கள். நாட்டுப்பாட்டைப் பாடுகிறவர் தன் ஊருக்கேற்ப ஒரு வரியை மாற்றலாம், கூட்டலாம். ஆகவே பாடுகிறவளும் வேதம் விளக்குகிறவள் ஆகிறாள். பவுல் 'ஒருவருக்கொருவர்' என்றதன் அருகே இதைவிட நெருங்கி வந்த எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும்: கிராமங்களிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. விட்டு வெளியே வந்ததை மறுபடி ஏன் ஆலயத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான்.

ஆக, எந்த வாத்தியமும் பிறவியிலேயே பரிசுத்தமானதல்ல. முதல் நூற்றாண்டுகளின் சபைப் பிதாக்கள் வாத்தியங்களையே வேண்டாம் என்றார்கள், அவை ரோம நாடகக் கொட்டகையையும் விக்கிரகக் கோயிலையும் நினைவூட்டியதால். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலும் இன்றைக்கும் வெறும் குரல்தான். ஆர்கனே ஒரு காலத்தில் அந்நியம். டிரம்ஸைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாலிபர் கட்சிக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். திரை வந்தபின் மனப்பாடம் போயிற்று. கையில் இருந்த பாட்டுப் புத்தகம் வீட்டுக்குப் போகும், திரை போகாது. மாதத்துக்கு ஆறு புதுப் பாட்டு இறக்கினால் ஒன்றும் ஒட்டாது. நாலு ஸ்பீக்கரும் முழு சத்தத்தில் இருக்கையில் பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா என்றே தெரியாது. பாடாமல் நிற்கலாம், ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். லவோதிக்கேயாச் சங்கம் சட்டம் போட்டுச் செய்ததை ஒரு சவுண்ட் மிக்சர் சத்தம் போடாமல் செய்துவிடுகிறது. சத்தம் போட்டே என்று சொல்ல வேண்டுமோ! ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயிலாகக் கடவுள், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்கிறார். அங்கே காரணம் டெசிபெல் அல்ல, ஏழைகளுக்கு நியாயம் மறுக்கப்பட்டது. ஆனாலும் 'இரைச்சல்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறிப்பிட்ட சபையின் ஸ்பீக்கர்தான் ஞாபகம் வருகிறது. பெயர் வேண்டாம்.

உங்கள் சபைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், கமிட்டி கூட்டிக் கட்சி பிரிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு புதுப் பாட்டு, அதை நாலு வாரமும் பாடுங்கள். ஒரு கீர்த்தனையை அதன் ராகத்தில், சரியான காலப்பிரமாணத்தில் வாலிபர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம் சபைகளில் பாதிக் கீர்த்தனைகள் இழுத்து இழுத்தே செத்துப்போயின, அது வாலிபர்களின் குற்றமல்ல. கடைசிச் சரணத்தில் வாத்தியம் முழுவதையும் நிறுத்திப் பாருங்கள். சபை பாடுகிறதா இல்லையா என்று அந்த அரை நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

அப்புறம் சுருதி. பேண்டில் பாடுகிற தம்பிகள் அநேகமாக யூடியூபில் கேட்ட சுருதியிலேயே எடுக்கிறார்கள். அது ஸ்டுடியோவில் பாடிய ஒருவருடைய தொண்டைக்கு வைத்தது. அறுபது வயது அம்மாவுக்கும், குரல் உடைந்துகொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் அது எட்டாது. அனுபல்லவி வரும்போது இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை மூன்று தடவை கீழே அழுத்தச் சொல்லுங்கள்.